விழுந்ததை ஏன் மறைத்தீர்கள், அக்கா?

வாசகர் கேள்வி – செவிலியர் பதில்

இந்த முறை ஒரே கடிதம் பக்கத்தின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. முழங்கால் வலி, முடி உதிர்தல் பற்றி எழுதியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதியவரின் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டு, ஆறு பக்கக் கடிதத்தைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி:

அன்புள்ள சகோதரிக்கு,

எனக்கு 77 வயது நடக்கிறது. காவிரிக் கரையில் ஒரு சிற்றூர். வீட்டுக்காரர் உயர்நிலைப் பள்ளியில் சரித்திர ஆசிரியராக இருந்தார். அவர் போய் ஏழு வருஷம் ஆகிறது. குடும்ப ஓய்வூதியம் வருகிறது, யாரிடமும் கையேந்தவில்லை. மகன் பெங்களூரில், மகள் கோயம்புத்தூரில். இருவரும் நல்ல பிள்ளைகள்தான். இரவு எட்டு மணி ஆனால் மகன் போன் செய்துவிடுவான். இப்போதெல்லாம் அவன் பேசுவது பாதி முணுமுணுப்பாகத்தான் கேட்கிறது, போன் பழசாகிவிட்டது போலிருக்கிறது.

எங்களுடையது பழைய வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையற்கட்டு, அப்புறம் கொல்லை. கழிப்பறை கொல்லையில் இருக்கிறது. கூடத்தில் இருக்கும் என் கட்டிலிலிருந்து அங்கே போக 41 அடி வைக்க வேண்டும், கடைசியில் மூன்று படி இறங்க வேண்டும். எப்படித் தெரியும் என்றால், எண்ணிக்கொண்டுதான் நடக்கிறேன்.

மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து போனேன். இரண்டாவது படியில் கால் எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை, கீழே கிடந்தேன். அந்தக் குளிரிலும் ரவிக்கை நனைய வேர்த்துக் கொட்டியது, பயத்தில்தான் இருக்கும். துணி துவைக்கிற கல்லைப் பிடித்து எழுந்திருக்க ரொம்ப நேரம் ஆயிற்று. மறுநாள் வீடியோவில் மகள் நெற்றியைப் பார்த்து என்ன என்றாள். கதவு இடித்துவிட்டது என்றேன். பங்குனியில் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். அது இடுப்பில் அடி, புடவை மறைத்துவிட்டது.

மாத்திரை: ரத்த அழுத்தத்துக்கு ஆம்லோடிபின். அது ஆரம்பித்த பிறகு கால் வீங்கியதால் வேறொரு டாக்டர் நீர் மாத்திரை கொடுத்தார், சாயங்காலம் போடுகிறேன். சர்க்கரைக்கு கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் கலந்தது காலையும் இரவும், 12 வருஷமாக. அவர் போன பிறகு தூக்கம் வரவில்லை என்று அல்பிரசோலம் எழுதிக்கொடுத்தார்கள். பழைய சீட்டைக் காட்டினால் மருந்துக் கடையில் இப்போதும் தருகிறார்கள். ஒரு ஆளுக்கு என்ன சமையல்? ராத்திரி பெரும்பாலும் ஒரு வாழைப்பழம், இருந்தால் கொஞ்சம் தயிர்சாதம். மாத்திரையை மட்டும் தவறவிடுவதில்லை. போன தீபாவளிக்கு 52 கிலோ இருந்தேன். இப்போது 46.

பால் குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு இரண்டு தடவை மறந்துவிட்டேன். அடிப்பிடித்த வாடை வந்த பிறகுதான் ஓடினேன். இதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. எங்கள் பெரியம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் பிள்ளைகளின் பெயரே மறந்துபோனது.

மகன் வீட்டை விற்றுவிட்டு வந்துவிடு என்கிறான். அவனுக்குப் பதினான்காவது மாடி. வீடு என் பெயரில் இருக்கிறது; இப்போதே எழுதிவைத்துவிட்டால் பின்னால் சிக்கல் இருக்காது என்றும் சொல்கிறான். எனக்கு இந்த வாசலில் கோலம் போட வேண்டும். வேறு ஆசை இல்லை.

நான் இன்னும் எத்தனை நாள் இங்கே தனியாக இருக்கலாம்? ஒளிக்காமல் சொல்லுங்கள். விழுந்ததை மட்டும் என் பிள்ளைகளுக்குத் தெரியப்படுத்திவிடாதீர்கள்.

பதில்:

அக்கா, உங்களைவிட எனக்கு எட்டு வயது குறைவு, அதனால் இப்படியே கூப்பிடுகிறேன். உங்கள் பிள்ளைகளிடம் நான் சொல்லப்போவதில்லை. நீங்கள்தான் சொல்லப்போகிறீர்கள். எப்படிச் சொல்வது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

என் மாமியார் 81 வயதுவரை திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருந்தார். மாதம் ஒருமுறை போய்வருவேன். ஒரு தடவை ரசக் கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துப் பரிமாறினார். வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நான் ரசத்தைக் குடித்தேன். 31 வருஷம் கிராம சுகாதார செவிலியராக வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான், அக்கா. அடுத்த மாதம் காய்ச்சல் என்று அவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போனபோது அங்கிருந்த மருத்துவர் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். வலது மணிக்கட்டு உடைந்து கோணலாக ஒட்டியிருந்தது. நான்கு மாதம் முன்பு கிணற்றடியில் விழுந்திருக்கிறார். விளக்கெண்ணெய் தடவித் துணியைச் சுற்றிக்கொண்டு, நாங்கள் வரும் நாளில் மட்டும் அவிழ்த்துவைத்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "சொன்னால் வீட்டைப் பூட்டி என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவீர்கள்" என்றார்.

அடுத்த வாரமே வீட்டைப் பூட்டினோம். கை உடைந்திருந்தது என்பதற்காக மட்டும் என்றால் கட்டுப் போட்டு, ஒரு ஆளைத் துணைக்கு வைத்திருப்போம். இனி அம்மா நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் அதை எப்படி நம்புவது என்று என் கணவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வீடு அன்றைக்கு முடிந்தது. நீங்கள் எதைக் காப்பாற்ற மறைக்கிறீர்களோ அது மறைப்பதால்தான் கையைவிட்டுப் போகும். இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் சில்லறை வேலை.

அந்தச் சில்லறை வேலைகளில் மாத்திரைதான் இந்த வாரமே ஆக வேண்டியது. "குளிரிலும் வேர்த்துக் கொட்டியது, பயத்தில்தான் இருக்கும்" என்ற வரியில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மார்கழியில், மூன்று மணிக்கு, ராத்திரி ஒரு வாழைப்பழத்தோடு படுத்தவருக்கு வேர்க்கிறது என்றால், நான் பயத்தைச் சந்தேகிக்கமாட்டேன், சர்க்கரை இறங்கியதைத்தான் சந்தேகிப்பேன். கிளிமிபிரைடு நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது. அது பாட்டுக்குச் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே இருக்கும். சாப்பாட்டைத் தவறவிட்டு மாத்திரையைத் தவறாமல் போடுவது ஒழுக்கம் என்று நினைக்கிறீர்கள். இந்த மாத்திரையில் அது ஆபத்து. அடுத்த முறை நடு இரவில் வேர்த்தாலோ கை நடுங்கினாலோ, எழுந்து நடக்காமல், கட்டிலில் உட்கார்ந்தபடியே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். டம்ளரும் சர்க்கரை டப்பாவும் இன்று ராத்திரியிலிருந்து தலைமாட்டில் இருக்கட்டும். விரலில் குத்திப் பார்க்கும் கருவி இருந்தால் 70க்குக் கீழே போனாலே குறைவு. உங்கள் வயதில் சர்க்கரையை இளவயதுக்காரர்போல இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8 சதவீதத்தை ஒட்டி இருந்தால்கூடப் போதும் என்று பல மருத்துவர்கள் விட்டுப்பிடிப்பார்கள். உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.

அடுத்தது கால் வீக்கம். ஆம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும், மருத்துவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. அந்த வீக்கத்துக்கு இன்னொருவர் நீர் மாத்திரை எழுதினார். அதைச் சாயங்காலம் போடுவதால் ராத்திரி மூன்று மணிக்கு எழுந்திருக்கிறீர்கள். எழுந்திருக்கும்போது தூக்க மாத்திரையின் மயக்கம் தெளிந்திருக்காது. அந்த மயக்கத்தோடு 41 அடி, மூன்று படி. ஒரு மாத்திரையின் வாலைப் பிடித்து இன்னொரு மாத்திரை வந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் எழுதியவர் மற்றதைப் பார்க்கவில்லை. வீட்டில் இருக்கும் எல்லா அட்டையையும், காலாவதியானது, பாதி தீர்ந்தது, ஜலதோஷத்துக்கு வாங்கியது உட்பட, ஒரு மஞ்சள் பையில் போட்டு ஒரே மருத்துவரிடம் கொட்டுங்கள். நீர் மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா, வேண்டவே வேண்டாமா, ஆம்லோடிபினுக்குப் பதில் வேறு உண்டா என்று கேளுங்கள். அல்பிரசோலத்தைச் சட்டென்று நிறுத்தினால் உடம்பு முரண்டு பிடிக்கும். பல வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டியது, அதற்கும் அவர்தான் கணக்குச் சொல்ல வேண்டும். மருந்துக் கடைக்காரர் ஏழு வருஷப் பழைய சீட்டுக்கு மாத்திரை கொடுத்ததைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, ஆசிரியர் வெட்டிவிடுவார்.

முதியோருக்கென்று தனி மருத்துவப் பிரிவு 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் தொடங்கியது. கிண்டியில் 2024இல் அதற்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் உங்கள் மாத்திரைப் பையைப் பார்க்கச் சென்னைவரை போக வேண்டாம், பொறுமையாகப் பையைக் கவிழ்க்கும் எந்தப் பொது மருத்துவரும் போதும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்கள் தெருவுக்கும் பெண் தன்னார்வலர் வருவார். அவரிடம் ஒரு உதவி கேளுங்கள்: ஐந்து நிமிடம் படுத்திருந்தபின் ஒருமுறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்று நிமிடத்தில் ஒருமுறை ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். நிற்கும்போது மேல் எண் 20ஓ அதற்கு மேலோ, கீழ் எண் 10ஓ அதற்கு மேலோ இறங்கினால் அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு தடவை பார்த்துவிட்டு நார்மல் என்று எழுதிப்போனால் இது தெரியவே தெரியாது.

பால் குக்கர் விஷயம். இங்கே நான் உங்களுக்குக் கொஞ்சம் நிம்மதி தர முடியும் என்று நினைக்கிறேன். பால் குக்கர் எப்படி அழைக்கும்? கீச்சென்று விசிலடிக்கும். வயதாகும்போது காது முதலில் இழப்பது அந்த மாதிரி உச்சஸ்தாயிச் சத்தங்களைத்தான். மகன் பேசுவது முணுமுணுப்பாகக் கேட்கிறது என்று அதே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். போன் மீது பழி போட்டிருக்கிறீர்கள். ஆறு பக்கத்திலும் ஒரு சொல்கூடத் திரும்ப வரவில்லை, தேதி பிசகவில்லை, மாத்திரைப் பெயர் பிசகவில்லை. விசில் அடித்ததை நீங்கள் மறக்கவில்லை, அது காதில் விழவேயில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. காது பரிசோதனைக்குப் போங்கள். போகும்போது தைராய்டையும் பி12 சத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிட்டால் பி12 குறையும். அது குறைந்தால் ஞாபகமும் தடுமாறும், பாதத்தில் தரை தெரியாமலும் போகும். நன்கு பழகிய கடைத்தெருவில் வழி தெரியாமல் நின்றால், கணக்கு நோட்டு குழம்பினால், பழகிய சமையலில் அடுத்து என்ன போடுவது என்று திகைத்தால், அப்போது பெரியம்மாவை நினையுங்கள். அதற்குமுன் வேண்டாம்.

எடை குறைந்ததைத்தான் என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஓராண்டுக்குள் முயற்சி இல்லாமல் நூற்றுக்கு ஐந்து பங்கு எடை குறைந்தாலே காரணம் தேட வேண்டும். உங்களுக்கு அதைப்போல இரண்டு மடங்கு குறைந்திருக்கிறது. சர்க்கரையா, தைராய்டா, பல்செட்டு ஆடுவதா, மனச்சோர்வா, வேறு ஏதாவதா என்று மருத்துவர் பார்க்கட்டும். நீங்கள் செய்ய வேண்டியது சாப்பிடுவது. உங்கள் வயதில் ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். வாழைப்பழமும் இரண்டு கரண்டித் தயிரும் அதில் எங்கே போய்ச் சேரும்? தொடைச் சதை கரைந்தால் அப்புறம் எந்தப் படியும் உயரமான படிதான். கடிதத்தின் ஓரத்தில், அவர் போன பிறகு முட்டையை விட்டுவிட்டேன் என்று எழுதி அடித்திருக்கிறீர்கள். அடித்தாலும் படிக்க முடிகிறது. எனக்கு இதில் கோபம் வரும், மன்னியுங்கள். கணவரோடு சேர்த்து மனைவியின் முட்டையையும் எரித்துவிட வேண்டும் என்று எந்த மனிதர் சொல்லிவிட்டுப் போனார்? நாளைக்கே ஒன்று வேகவையுங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் சுண்டல், பயறு, பருப்புத் துவையல், பால். ராத்திரிக்கு உங்கள் தெருவில் இட்லி விற்பவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். மூன்று இட்லிக்கு மாதக் கணக்கு வையுங்கள். அதனால் தினமும் சாயங்காலம் ஒருவர் உங்கள் முகத்தைப் பார்ப்பார். அது இட்லியைவிடப் பெரிய லாபம்.

இனி வீடு. கொல்லைக் கழிப்பறையை ராத்திரியில் மறந்துவிடுங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் கமோடு நாற்காலி போடுங்கள். கூடத்திலா, சாமி படம் இருக்கிற இடத்திலா என்று முகம் சுளிப்பீர்கள். ஒரு திரை போட்டுக்கொள்ளுங்கள், காலையில் கழுவி வெயிலில் வைத்துவிடுங்கள். கையில் பணம் இருந்தால் சமையற்கட்டு மட்டத்தில், நாற்காலிபோல உட்காரும் கழிப்பறை ஒன்று கட்டி, சுவரில் பிடிகம்பி பொருத்துங்கள்; துண்டு போடும் கம்பியைப் பிடித்து எழுந்தால் அது கையோடு வந்துவிடும். மூன்று படிக்கும் விளிம்பில் மஞ்சள் வண்ணம் இரண்டு விரல் அகலத்துக்கு அடிக்கச் சொல்லுங்கள். மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்குமான கண்ணாடி போட்டிருந்தால் படி இறங்கும்போது கண் ஏமாற்றும், அதனால் நின்று, தலையைக் குனிந்து பார்த்து, இறங்குங்கள். குளியலறையில் நீங்கள் வழுக்கியது வெள்ளிக்கிழமையாக இருக்குமோ என்று எனக்கு ஒரு ஊகம். எண்ணெய்க் குளியலை விட வேண்டாம். எண்ணெயைக் கூடத்தில் தேய்த்துக்கொள்ளுங்கள், குளியலறையில் பிளாஸ்டிக் முக்காலிக்குப் பதில் கனமான நாற்காலி, தரையில் ரப்பர் விரிப்பு.

கோலம் போடுங்கள். குனிந்து போட்டுவிட்டுச் சடாரென்று நிமிர்வதுதான் தலையைச் சுற்ற வைக்கிறது. தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து நான்கு புள்ளிக் கோலம் போடுங்கள். தெளித்த தண்ணீர் கொஞ்சம் இழுத்துக்கொண்டபிறகு இறங்குங்கள். என் வாசலில் இப்போது அவ்வளவுதான் வருகிறது, தெருவில் யாரும் என்னைக் குறைசொல்லவில்லை.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். ராத்திரி வாசல் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடுவீர்கள்தானே? மேல் தாழ்ப்பாள், கீழ் தாழ்ப்பாள், குறுக்குக் கட்டை. நீங்கள் கொல்லையில் கிடந்தால் யார், எப்படி உள்ளே வருவார்கள்? திருடனுக்குப் பயந்து போட்ட கட்டை உதவிக்கு வருகிறவரையும் வெளியே நிறுத்திவிடும். வெளியிலிருந்தும் சாவியால் திறக்கும் பூட்டை மாட்டுங்கள். ஒரு சாவி பக்கத்து வீட்டில். அவர்களோடு ஒரு பேச்சு வைத்துக்கொள்ளுங்கள்: காலை ஏழு மணிக்குள் திண்ணையிலிருந்து பால் பாக்கெட் உள்ளே போகவில்லை என்றால் கூப்பிடுவது, பதில் இல்லை என்றால் திறப்பது. கைபேசியைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டுங்கள், கட்டிலில் விட்டுவிட்டு விழுவதற்கு அது எதற்கு? 108ஐயும், முதியோர் உதவி எண் 14567ஐயும் ஒற்றைப் பொத்தானில் போட்டுத் தரச் சொல்லுங்கள். பின்னது காலை எட்டு முதல் இரவு எட்டு வரை, அவசரத்துக்கு 108தான்.

விழுந்தால் எழுவதையும் பழகலாம். பக்கத்து வீட்டுப் பெண் கூட இருக்கும்போது பாயில் படுத்துப் பாருங்கள். ஒருக்களித்துத் திரும்பி, முழங்கையை ஊன்றி, மண்டியிட்டு, கனமான நாற்காலியைப் பிடித்து எழ வேண்டும். அன்று துவைக்கிற கல் செய்த வேலையை நாற்காலி செய்யும். அதோடு, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று தினமும் பாருங்கள். எழுந்து, பத்தடி தூரம் (மூன்று மீட்டர்) நடந்து, திரும்பி வந்து உட்கார 12 விநாடிக்கு மேல் ஆனால் கைத்தடிக்கு நேரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வூதிய நேர்காணலுக்குக் கருவூலத்தில் வரிசையில் நிற்கிறீர்களா என்று தெரியவில்லை. தபால்காரர் வீட்டுக்கே வந்து விரல்ரேகை வைத்து உயிர்வாழ் சான்று எடுத்துத்தருவார், கட்டணம் 70 ரூபாய்.

பத்திரம் பற்றி: உங்கள் மகனைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை. ஆனாலும் எழுதிவைப்பது என்றால் உயிலாக எழுதுங்கள். உயிலை உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மென்ட் பத்திரம் பதிவானால் வீடு அன்றே கைமாறிவிடும். அப்படித்தான் வேண்டும் என்றால், என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். நிபந்தனை மீறப்பட்டால் 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆவது பிரிவின்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் முறையிட வழி இருக்கிறது. விழுந்து எழுந்த பயத்தில் இருக்கும் இந்த மாதத்தில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். நாள் குறித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. எது நடந்தால் கிளம்ப வேண்டும் என்று சொல்லத் தெரியும். இதையெல்லாம் செய்தபிறகும் இன்னொரு முறை விழுந்தால். தரையிலிருந்து தானாக எழ முடியாமல் போனால். காதைச் சரிசெய்தபிறகும் அடுப்பு மறந்தால். மாத்திரையை இரண்டு தடவை போட்டுக்கொண்டால். இந்த நான்கையும் நீங்களே ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, பிள்ளைகளுக்கு அனுப்புங்கள். இவற்றில் எது நடந்தாலும் நானே சொல்வேன் என்றும் எழுதுங்கள். கிளம்புவது என்றாலும் முதலில் ஒரு மாதம் போய் இருந்து பாருங்கள், வீட்டை விற்காமல். பெங்களூர்தான் என்று இல்லை. முழுநேரத் துணைக்கு ஒரு ஆள், கோயம்புத்தூர், உங்கள் ஊரிலேயே தரைமட்டத்தில் ஒரு சின்ன வீடு, எல்லாம் இருக்கிறது. பதினான்காவது மாடியில் கோலத்துக்கு லிஃப்ட் வாசல்தான் கிடைக்கும், அது எனக்கும் புரிகிறது.

இனி சொல்வது எப்படி என்பது. மருத்துவரைப் பார்த்து, கமோடு நாற்காலி வந்து, சாவி பக்கத்து வீட்டுக்குப் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருவரையும் சேர்த்து வீடியோவில் கூப்பிடுங்கள். செய்து முடித்தவற்றை முதலில் சொல்லுங்கள், விழுந்ததைப் பின்னால் சொல்லுங்கள். கதவு இடித்தது பொய் என்பதையும் மகளிடம் சொல்லிவிடுங்கள். அவள் அழுவாள், அவன் கத்துவான், பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தத் தாளைப் படித்துக்காட்டுங்கள். மருத்துவர் சந்திப்பு மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கக் கூடாது, அக்கா, இந்த இதழ் கைக்கு வந்த அன்றே போங்கள்.

கேள்வி: துபாயில் வேலை செய்கிறேன். 72 வயது அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். கூடத்திலும் சமையலறையிலும் கேமரா வைக்க நினைக்கிறேன். அம்மா சம்மதிக்கவில்லை. வைக்கலாமா?

பதில்: சம்மதிக்கவில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள், தம்பி. நீங்கள் 35 வயதில் ஒரு அறையில் தங்கியிருக்கும்போது உங்கள் முதலாளி அங்கே கேமரா மாட்டினால் எப்படி இருக்கும்? கேமரா விழுவதைப் பார்க்கும், தூக்கிவிடாது. துபாயிலிருந்து உங்களாலும் தூக்கிவிட முடியாது. அந்தப் பணத்தில் குளியலறைக்குப் பிடிகம்பியும், காலை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ஆளும் போடுங்கள். வாசலுக்கு வெளியே மட்டும் ஒன்று வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள், யார் வந்து போகிறார்கள் என்று அவர்களுக்கும் பார்க்க ஆசைதான்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பாட்டி தனியாக இருக்கிறார். சென்ற வாரம் முற்றத்தில் விழுந்து கிடந்தார், நான்தான் தூக்கி உட்காரவைத்தேன். மகளிடம் சொல்லக் கூடாது என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிவிட்டார். என்ன செய்வது? – நாகர்கோவில் வாசகி

பதில்: மேலே உள்ள பதிலைப் பாட்டிக்குப் படித்துக்காட்டுங்கள். மூன்று நாளில் நீங்கள் சொல்லவில்லை என்றால் நான் சொல்வேன் பாட்டி என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். அதற்கு முன்னால் இரண்டு விஷயம். தலையில் அடிபட்டதா? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? வயதானவர்களுக்குத் தலைக்குள் ரத்தம் மெதுவாகக் கசிந்து, இரண்டு மூன்று வாரம் கழித்துத் தலைவலி, தூக்கக் கலக்கம், தடுமாற்றம் என்று காட்டுவதுண்டு. இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தாலும் மூன்று நாள் கெடு கிடையாது, சத்தியமும் கிடையாது. முதலில் ஆட்டோவைக் கூப்பிடுங்கள், வழியிலேயே மகளுக்குப் போன் செய்யுங்கள்.